தொழில் என்ன என்ற கேள்வியும் எழுதப்படாத ஏடுகளும்

நோயாளியிடம் வைத்தியர் கேட்க வேண்டிய கேள்விகளோடு, "நீர் என்ன தொழில் செய்கிறீர்?" என்பதையும் சேர்க்க வேண்டுமென 1700 இல் எழுதியவர் இத்தாலியரான பெர்னார்டினோ ரமாசினி. தொழிலாளரின் நோய்களைப் பற்றிய அவரது நூல் மொடெனா நகரில் வெளியாயிற்று. கேள்வி பிறந்து முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனால் கேட்டால் மட்டும் விடை கிடைத்துவிடாது என்பதை, நடுக்குவாதம் என்று நாம் கூறும் பார்க்கின்சன் நோயின் வரலாறு காட்டுகின்றது.

லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 இல் வெளியிட்ட சிறுநூலில் ஆறு பேரின் நிலையை விவரித்தார். அவர்களுள் முதலாமவர் ஐம்பது வயதைக் கடந்த தோட்டக்காரர். கடும் உழைப்பாளி, ஒழுக்கமானவர். இன்னொருவர் நீதவான் அலுவலகச் சேவகர். மற்றொருவர் மாலுமியாக இருந்தவர். தோட்டக்காரரிடம் நோய்க்கான காரணத்தைத் திரும்பத் திரும்ப விசாரித்தும், சில நாட்கள் இடக்கையால் கடுமையாக வேலை செய்ததைத் தவிர வேறொன்றும் அவருக்கு நினைவில் இல்லை. இன்றைய இரசாயனங்கள் எவையும் இல்லாத காலம் அது. ஆகவே அவருடைய தொழிலை இன்றைய முடிபுகளோடு பொருத்துதல் முறையன்று. ஒரு மனிதனின் நினைவு ஒரு நோயின் காரணத்தை நிறுவப் போதாது என்பதையே நான் இங்கு சுட்ட விரும்புகின்றேன்.

இருபது ஆண்டுகளின் பின், 1837 இல், கிளாஸ்கோவில் ஜோன் கூப்பர் என்ற வைத்தியருக்கு விடை கிடைத்தது. வெளுக்கும் தூள் தயாரிப்பதற்காக மங்கனீசுத் தாதுவை அரைத்த ஐந்து தொழிலாளரின் கால்கள் தளர்ந்தன, நடை தள்ளாடியது, பேச்சு முணுமுணுப்பாயிற்று. ஐவரும் ஒரே தூசைச் சுவாசித்தவர்கள் என்பதனாலேயே காரணம் புலப்பட்டது. இது பார்க்கின்சன் நோயன்று. அதனை ஒத்த வேறொரு நோய். ஆயினும் தொழில் மூளையைத் தாக்கும் என்பதற்கான முன்னோடிச் சான்று இதுவே.

அடுத்த பெருந்திருப்பம் 1982 இல் கலிபோர்னியாவில் நேர்ந்தது. ஹெரோயினுக்குப் பதிலாகத் தெருவில் விற்கப்பட்ட செயற்கைப் போதைப்பொருளை ஊசிமூலம் ஏற்றிய இளைஞர் சிலர் திடீரென அசைவற்றுப் போயினர். நரம்பியல் வைத்தியர் வில்லியம் லாங்ஸ்டனும் அவரது குழுவினரும் அப்பொருளில் எம்.பி.டி.பி. என்ற கலப்படத்தைக் கண்டறிந்து, 1983 இல் வெளியிட்டனர். வெளியிலிருந்து உட்புகும் ஒரு நஞ்சு, டோபமின் சுரக்கும் மூளைக் கலங்களை அழிக்கும் என்பது அதனால் நிரூபணமாயிற்று. அந்த நஞ்சு மூளையினுள் மாறிப் பெறும் வடிவம், பரகுவாட் என்ற களைநாசினியின் அமைப்பை ஒத்திருந்தமை ஆய்வாளரின் கவனத்தை வயல்களின் பக்கம் திருப்பியது.

வயல்களில் அவர்களுக்கு உதவியவை ஏடுகள். எந்த நிலத்தில் எந்த மருந்து எப்போது தெளிக்கப்பட்டது என்ற அரசாங்கப் பதிவுகள் கலிபோர்னியாவில் இருந்தன. அவற்றைக் கொண்டு 2009 இல் வெளியான ஆய்வொன்று, வீட்டிலிருந்து 500 மீற்றருக்குள் பரகுவாட்டும் மனேப் என்ற பங்கசுநாசினியும் தெளிக்கப்பட்டோருக்கு இந்நோய் ஏற்படும் ஆபத்து 75 வீதம் அதிகம் என்றது. 2011 இல் வெளியான வேறோர் ஆய்வு, நோயுற்ற 110 பேரை நோயற்ற 358 பேருடன் ஒப்பிட்டது; பரகுவாட் பயன்படுத்தியோருக்கு ஆபத்து இரண்டரை மடங்கு எனக் கண்டது. இதற்கும் விவசாயக் குடும்பங்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஒரு பதிவே அடிப்படை. தெளித்த அனைவரும் நோயாளராவதில்லை. முதுமைக்கும் பரம்பரைக்கும் பங்குண்டு. உற்பத்தியாளர் தரப்பு இத்தொடர்பை மறுத்தே வந்திருக்கின்றது. எனினும் பீடைநாசினிகளைக் கையாண்ட விவசாயிகளுக்கு இதனைத் தொழில்சார் நோயாக 2012 இல் பிரான்ஸ் ஏற்றுக்கொண்டது. அங்கு நோயுற்ற விவசாயி இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

இலங்கையில் 2008 க்கும் 2011 க்கும் இடையில் பரகுவாட் தடைசெய்யப்பட்டது. அதனைக் குடித்து உயிர்மாய்த்தோரின் தொகையே அதற்குக் காரணம். அது சரியான முடிவு. பல உயிர்களைக் காத்த முடிவு. ஆனால் தடைக்கு முந்திய காலத்தில் தேயிலை மலைகளிலும் வயல்களிலும் முதுகில் தாங்கியைச் சுமந்து அதனைத் தெளித்தவர்களின் கணக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. பல்லாண்டுகள் கழித்துத் தலைகாட்டும் நோய் இது. அவர்களிற் பலர் இன்று முதுமையை எட்டியிருப்பர். ஒருவரின் கை நடுங்கினால் "வயது போய்விட்டது" என்று சொல்லி வீட்டார் அமைதியடைவர்.

பத்திரிகைத் தொழிலில் நான் கண்ட ஒன்றையும் இங்கு கூறவேண்டும். எமது மரண அறிவித்தல்களில் 'ஓய்வுபெற்ற ஆசிரியர்', 'முன்னாள் தபாலதிபர்' என்று தொழிலும் சேர்ந்தே அச்சேறும். மருந்தடித்துப் பிழைத்தவரின் பெயருக்கு முன்னால் அத்தொழில் அச்சேறியதை நான் கண்டதில்லை.

தோட்டங்களில் நாள்தோறும் பேர் போடும் செக்றோல் ஏடுகள் உண்டு. கூலியைக் கணக்கிடுவதற்காக எழுதப்பட்டவை அவை. பழைய ஏடுகள் எங்கெங்கு எஞ்சியிருக்கின்றனவோ, அங்கெல்லாம் அவை கறையானுக்கு இரையாகுமுன் பேணப்பட வேண்டும். எமது பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடங்கள் அவற்றைத் தேடிச் செல்லவும் வேண்டும். மருந்தடித்தவர்களிற் பலர் இன்னும் உயிரோடிருக்கையிலேயே அதனைச் செய்தால்தான் அவர்களுக்குப் பயனுண்டு.