பீஃப் ரப்ல சர்க்கரை: இந்த ரூலை யார் போட்டது?

இன்னைக்கு டாபிக் சின்னது, சண்டை பெருசு. அமெரிக்க பார்பிக்யூவில் பீஃப் மேல் தடவுற டிரை ரப், அதாவது உலர் மசாலாவில், சர்க்கரை சேர்க்கலாமா? நடு டெக்சாஸ்ல கேட்டா, "உப்பு, மிளகு, அவ்வளவுதான்"னு முடிச்சிடுவாங்க. மிசௌரி மாநிலத்துல இருக்கிற கான்சஸ் சிட்டி பக்கம் போனா, ரப்ல பிரவுன் சுகர் சகஜம்.

சர்க்கரை வேண்டாம்னு சொல்றவங்க முதல்ல சொல்ற காரணம், "கருகிடும்". நேரடி நெருப்புல ஸ்டீக் சுட்டா அது சரிதான். ஆனா பிரிஸ்கெட், அதாவது மாட்டோட நெஞ்சுக்கறி, புகையில 10 மணி நேரத்துக்கு மேலயும் வேகும். அந்த அடுப்போட வெப்பம் பெரும்பாலும் 107 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரைதான். சாதா சர்க்கரை கேரமல் ஆகவே சுமார் 160 டிகிரி வேணும். ஸோ, கருகும்ங்கிற பயம் இங்க பெருசா பொருந்தாது. அப்போ இந்த ரூல் எங்கிருந்து வந்தது? அதுக்கு வரலாற்றைப் பார்க்கணும்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன், செக் மக்கள் நடு டெக்சாஸ்ல குடியேறி கறிக்கடை போட்டாங்க. வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வராத காலம். விக்காத கறியைப் புகை போட்டாங்க, சாசேஜ் பண்ணாங்க. லாக்ஹார்ட்ல 1900இல் ஆரம்பிச்ச கிரைட்ஸ் மார்க்கெட் அந்த வழியில வந்த கடைதான். பருத்தி பறிக்க வந்த கறுப்பின, மெக்சிகோ தொழிலாளர்கள் கறியை எடை போட்டு வாங்கி, சுத்திக்கொடுத்த பேப்பர்லயே வெச்சு சாப்பிட்டாங்க. கறிக்கடைக்காரருக்குக் கறிதான் சரக்கு, மசாலா இல்ல. உப்பு மிளகு ரூலோட வேர் இங்கதான் இருக்கு.

ஆனா இது மட்டும்தான் டெக்சாஸ்னு சொன்னா தப்பாயிடும். அடிமை முறை வேரூன்றியிருந்த கிழக்கு டெக்சாஸ்ல கறுப்பின சமையல்காரர்கள் வளர்த்த பார்பிக்யூல, இனிப்பான தக்காளி சாஸும் பொடியா நறுக்கின பீஃபும் உண்டு. "ஒரிஜினல் டெக்சாஸ்னா சர்க்கரையே கிடையாது"ன்னு சொல்லும்போது, அவங்களை வரலாற்றுல இருந்தே அழிச்சிடுறோம்.

கான்சஸ் சிட்டி கதையும் நாம நினைக்கிற மாதிரி இல்ல. அங்க பார்பிக்யூவுக்கு அடித்தளம் போட்டவர் ஹென்றி பெர்ரி. டென்னசியில பிறந்த இந்தக் கறுப்பினத்தவர் 1907இல் அந்த ஊருக்கு வந்தார். அவர் சாஸ் இனிப்பு இல்ல, காரசாரமானது. இன்னைக்கு கான்சஸ் சிட்டின்னாலே நினைவுக்கு வர்ற அந்தக் கெட்டியான இனிப்பு சாஸைக் கடை கடையா கொண்டுபோனது, 1977இல் ரிச் டேவிஸ்ங்கிற டாக்டர் உருவாக்கின கே.சி. மாஸ்டர்பீஸ்.

அதே ஊர்ல 1980இல் அமெரிக்கன் ராயல் பார்பிக்யூ போட்டி தொடங்குச்சு. போட்டியில ஒரு நடுவர் முன்னாடி பல டீமோட கறி வந்து நிக்கும். ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு ரெண்டு கடிதான். அந்த ஒரு கடியில மனசுல நிக்கணும்னா, உப்பு, காரம், புகையோட இனிப்பும் சேர்ந்தா சாதகம். ஆனா அதே கறியை அரை பவுண்ட் உட்கார்ந்து சாப்பிட்டா, பாதியிலயே திகட்டும். கறிக்கடையில எடை போட்டு வாங்கி வயிறார சாப்பிட்டவங்களுக்கு உப்பும் மிளகும் சரிப்பட்டது இதனாலதான்னு எனக்குத் தோணுது.

ஸோ, என் பதில் இது: வீட்டுல நாலு பேருக்குத் தட்டு நிறைய பிரிஸ்கெட் போடப் போறீங்கன்னா, சர்க்கரையை விட்டுடுங்க. ஆளுக்கு ரெண்டு துண்டுதான்னா, கொஞ்சம் சேர்த்துப் பாருங்க. நேரடி நெருப்புன்னா தொடவே வேண்டாம். ஆனா சர்க்கரை சேர்க்கிறவங்களைப் பார்த்து "இது ஒரிஜினல் இல்ல"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. கிழக்கு டெக்சாஸ்காரங்க காதுல விழுந்தா, நியாயமாவே கோபம் வரும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!