பாலத்தில் பொறிக்கப்படாத பெயர்கள்

ஆற்றங்கரையில் ஊர் தோன்றுவது உலக வழக்கு. ஆயினும், இரு கரைகளும் இணைந்த பின்னரே அவ்வூர் நகரமாக வளர்கிறது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் தென்கரை வணிகத்துக்கும் வடகரை அரசாங்க அலுவலகங்களுக்கும் உரியனவாக இருந்தன. அவற்றை இணைக்க 1869ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டதே கேவனா பாலம். சிங்கப்பூர் ஆற்றின் குறுக்கே உள்ள ஒரே தொங்கு பாலம் இதுவே.

இதன் இரும்புப் பகுதிகள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மக்லெலன் நிறுவனத்தாரால் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தன. வடிவமைப்பில் பங்கு கொண்ட ஆர்டிஷ் என்னும் பொறியாளரே பின்னாளில் இலண்டன் தேம்ஸ் ஆற்றின் ஆல்பர்ட் பாலத்தையும் அமைத்தார். பாலத்தின் உறுதியைச் சோதிக்க, 120 சிப்பாய்கள் அதன்மீது அணிவகுத்து நடந்தனர் என்பது வரலாறு. இந்திய அரசின்கீழ் நீரிணைக் குடியேற்றங்களை ஆண்ட கடைசி ஆளுநரான கேவனாவின் பெயர் பாலத்திற்குச் சூட்டப்பட்டது. அவருடைய குடும்பச் சின்னத்தை இன்றும் பாலத்தின் இரு முனைகளிலும் காணலாம். செய்தளித்த நிறுவனத்தின் பெயரும் இரும்பிலே உள்ளது.

ஆனால், கப்பலில் வந்திறங்கிய அவ்விரும்பைப் பொருத்திப் பாலமாக்கிய கைகள் யாருடையவை? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளுடையவை. அவர்கள் பெயர் எதுவும் அங்கே இல்லை.

1825 ஏப்ரலில் கைதிகளின் முதற்குழு சிங்கப்பூரை அடைந்தது. சென்னை மாகாணத்திலிருந்து அனுப்பப்பட்டு, பென்கூலன் வழியாக வந்தவர்கள் அவர்கள். அடுத்து வங்காளத்தவரும், பின்னர்ப் பம்பாய் மாகாணத்தவரும் வந்தனர். காலப்போக்கில் இவர்கள் செங்கல் அறுக்கவும், கல் பொளியவும், தச்சு வேலையும் கொல்லு வேலையும் செய்யவும் பயிற்றப்பட்டனர். கைதிகளுள் நன்னடத்தை உடையோரே மற்றவர்க்கு மேற்பார்வையாளராயினர். புனித ஆண்ட்ரூ பேராலயமும் இன்று இஸ்தானா எனப்படும் மாளிகையும் இவர்கள் உழைப்பால் எழுந்தவையே. இம்முறை 1873இல் முடிவுற்றது. அவர்கள் ஈடுபட்ட கடைசிப் பெரும்பணி கேவனா பாலம் என்பர்.

பாலத்திற்கு வேறொரு சோதனையும் நேர்ந்தது. அதன் தாழ்வான அமைப்பால், கடல் பொங்கும் வேளையில் சரக்குப் படகுகள் கீழே நுழைய இயலாமல் நீர் வடியும்வரை காத்துக் கிடந்தன. வண்டிப் போக்குவரத்தும் பெருகிற்று. ஆகவே 1910இல் அருகிலேயே ஆண்டர்சன் பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தை இடித்துவிடவும் எண்ணினர். பின்னர் அவ்வெண்ணம் கைவிடப்பட்டு, அது நடையர் பாலமாயிற்று. மூன்று அந்தர், அதாவது ஏறத்தாழ 152 கிலோகிராம் எடைக்கு மேற்பட்ட வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் செல்லலாகாது என்னும் காவல்துறை அறிவிப்பு இன்றும் அங்கே நிற்கிறது.

அவ்வறிவிப்பைக் காணும் பயணிகள் புன்னகைத்துச் செல்வர். சிராங்கூன் சாலையின் வரலாற்றை அறிந்தவர்க்கோ அது வேறொன்றையும் நினைவூட்டும். 19ஆம் நூற்றாண்டில் அவ்வட்டாரத்தில் மாட்டு வணிகம் செழித்தது. தமிழர் பலர் அதில் ஈடுபட்டிருந்தனர். தேக்காவின் ஒரு பகுதிக்கு வழங்கிய கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயர் எருமைத் தொழுவத்தைக் குறிப்பதாகும். மாடு பூட்டிய வண்டிகள் இந்நகரத்தின் சுமையைச் சுமந்த காலத்தின் எச்சமே அவ்வறிவிப்புப் பலகை.

2019 அக்டோபரில் கேவனா, ஆண்டர்சன், எல்ஜின் ஆகிய மூன்று பாலங்களும் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. இனி அவற்றின் இரும்புக்கும் கல்லுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. உழைத்தோர் நினைவை எந்தச் சட்டமும் காத்துவிட முடியாது. அது மக்கள் ஏற்க வேண்டிய கடமை.

கைதிகள் என்னும் சொல்லுக்கு நாணி இவ்வரலாற்றைப் பேசாது விடுவோர் உளர். வணிகராகவும் ஆசிரியராகவும் வந்தோரை மட்டும் முன்னோடிகள் எனப் போற்றுவது அவர்க்கு எளிதாக இருக்கிறது. அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. அக்கைதிகள் செய்த குற்றத்திற்கு நீதிமன்றம் அன்றே தண்டனை விதித்துவிட்டது. தண்டனையினூடே கற்ற தொழிலால் அவர்கள் எழுப்பியவையோ ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் பயன் தருகின்றன. குற்றத்தை நினைத்து உழைப்பை மறப்பது நீதியாகாது.

மாணவரை அப்பாலத்துக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், அங்குள்ள பெயர்களைப் படிக்கச் சொல்வது இயல்பு. இல்லாத பெயர்களைப் பற்றியும் அவர் கேட்பாராக. அக்கேள்வி இளையோர் உள்ளத்தில் எழும் நாளில்தான் பழைய பாலம் உண்மையான நினைவுச்சின்னம் ஆகும்.