மீண்டும் எடுத்த வில்

வியன்னா நகரில் 1875ஆம் ஆண்டு பிறந்த பிரிட்ஸ் கிரைஸ்லர், 12ஆம் வயதிலேயே பாரிஸ் இசைக் கல்லூரியின் முதற்பரிசை வென்றவர். அமெரிக்காவிலும் வாசித்துத் திரும்பியபின் அவர் பிடிலை ஒதுக்கி மருத்துவம் பயின்றார், படையிலும் பணிபுரிந்தார். ஆண்டுகள் சில கழிந்து மீண்டும் வில்லை எடுத்தபோது, வியன்னாவின் அரசவை வாத்தியக் குழு அவரை ஏற்க மறுத்தது. அவர் தளர்ந்தாரில்லை. 1899இல் பெர்லினில் நிக்கிஷ் நடத்திய கச்சேரியில் வாசித்துப் பெரும்புகழ் எய்தினார். எல்கார் தம் பிடில் கன்செர்ட்டோவை அவருக்கே காணிக்கையாக்க, 1910இல் லண்டனில் அதனை அரங்கேற்றியவரும் அவரே.

நம் இல்லங்களில் மணவாழ்வும் அலுவலும் வந்தபின் பெட்டிக்குள் உறங்கும் பிடில்கள் எத்தனை! விரல் மறந்திருக்கலாம், செவி பெற்ற ஞானம் எளிதில் அகலுவதில்லை. சுருதி சேர்த்துச் சரளி வரிசையிலிருந்தே தொடங்குவோமாக.