பிணியும் நம்பிக்கையும்



கொள்ளைநோய் ஒன்று ஊருக்குள் புகும்போது உடலோடு மனிதரின் அறிவையும் சோதித்துப் பார்க்கின்றது. கொவிட் நோய் பரவிய காலம் இதற்குச் சான்றாகும். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து தொற்று கொழும்பெங்கும் பரவியபோது, மருதானையோடு தெமட்டகொடையும் தனிமைப்படுத்தல் ஊரடங்குக்குள் வந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் எங்கள் ஒழுங்கைகள் ஓசையடங்கின. வதந்தி மட்டும் அடங்கவில்லை. இந்நோய் போர்க்கருவியாக உண்டாக்கப்பட்டது என்றனர் சிலர். பின்னர் தடுப்பூசி வந்தபோது, அதனால் மகப்பேறு அற்றுப்போகும் என்றனர் வேறு சிலர்.

அஞ்சிய மனம் தெய்வத்தை நாடுதல் இயல்பு. அம்மை நோயை நம் முன்னோர் அம்மாளின் வருகையென்று கொண்டனர். வாசலில் வேப்பிலை செருகினர். நோயாளியைத் தனியே கிடத்தினர். அயலார் அவ்வீட்டுக்குச் செல்லாது ஒதுங்கினர். அவ்வழிபாட்டினுள் நோய்த்தடுப்பும் அடங்கியிருந்தது. 1802இல் அம்மைப்பால் குத்தும் முறை இலங்கைக்கு வந்தது. காலப்போக்கில், அம்மாளைக் கும்பிட்ட கைகளே அதற்கும் நீண்டன.

2020ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்தது வேறு. நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்திரா வன்னியாராச்சி மந்திரித்த நீர்க்குடத்தை ஆற்றில் இட்டார். டிசெம்பரில், காளி தெய்வம் அருளிய மருந்தென்று கூறி, கேகாலைப் பகுதியில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணியொன்றை வழங்கினார். அமைச்சரும் அதனைப் பருகினார். ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து அவ்வூரிற் கூடினர். அடுத்த சனவரியில் அமைச்சருக்கே தொற்று உறுதியாயிற்று. ஏழையின் நம்பிக்கையை எள்ளுதல் நமது நோக்கமன்று. சோதித்துத் தெளியாத ஒன்றுக்குப் பதவியின் மதிப்பை வழங்கியதே பிழையாகும்.

அதனினும் கொடிது, விஞ்ஞானத்தின் பெயராலேயே எழுந்த மூடநம்பிக்கை. உடலைப் புதைத்தால் நிலத்தடி நீர் வழியே கிருமி பரவும் எனக் காரணங் காட்டி, எரித்தலைக் கட்டாயமாக்கும் வர்த்தமானி 2020 ஏப்பிரலில் வெளியாயிற்று. புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சு மாதத்திலேயே கூறியிருந்தது. ஆயினும் முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரியூட்டப்பட்டன. பிறந்து இருபது நாளேயான பச்சிளங் குழந்தையும் அதற்கு விலக்காகவில்லை. அக்குழந்தையை எண்ணிப் பல சமயத்தவரும் பொரளை மயான வாயிலில் வெண்துணி கட்டினர், அத்துணிகளும் அகற்றப்பட்டன.

2021 சனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமும் புதைத்தலை அனுமதிக்கலாம் என்றது. பெப்ரவரி இறுதியிலேதான் ஆணை மாறியது. அதன் பின்னரும் கொழும்பிலே இறந்தவரை மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுசென்றே அடக்கஞ் செய்ய நேர்ந்தது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. சாம்பலாகிய பிள்ளையைத் தாயிடம் மீட்டுக் கொடுக்க அம்மன்னிப்பால் இயலுமோ?

நேயர்களே, தேன்பாணியை நம்பியவர் ஏமாந்தார். நிலத்தடி நீர்க் கதையை நம்பிய அரசோ பிறரைத் துன்புறுத்தியது. இரண்டிடத்தும் கேட்கப்படாத வினா ஒன்றே: "இதற்குச் சான்று யாது?" கோயிலுக்குச் செல்பவரும் பள்ளிவாசலுக்குச் செல்பவரும் இவ்வினாவைக் கேட்கலாம், அதனால் எவருடைய பக்தியும் குறையாது. நம் பிள்ளைகளுக்கு முதலிற் கற்பிக்கவேண்டிய விஞ்ஞானமும் இதுவே.