இஷ்பீலிய்யாவின் ரோஜாச் செடிகள்

இஸ்லாமிய நாகரிகத்தில் ரோஜாவின் இடத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பாரசீகக் கவிதையிலிருந்தோ அத்தரிலிருந்தோ தொடங்குவர். அம்மலரை மண்ணில் வளர்த்தவர்களின் அறிவு பற்றிய பேச்சு அரிது. அவ்வறிவை ஒரு துறையாகவே வளர்த்து எழுதி வைத்தவர்கள் அந்தலூஸின் வேளாண் அறிஞர்கள்.

கி.பி. 11ஆம் நூற்றாண்டில் துலைதுலாவை (டொலேடோ) ஆண்ட அல்மஃமூனின் தோட்டங்களைப் பேணியவர் இப்னு பஸ்ஸால். 1085இல் அந்நகரம் ஆறாம் அல்ஃபோன்சோவிடம் வீழ்ந்த பின் அவர் இஷ்பீலிய்யா எனப்பட்ட செவில் நகரையடைந்து, அதன் ஆட்சியாளர் அல்முஃதமிதுக்காகத் தோட்டப் பணியைத் தொடர்ந்தார். நகரை இழந்தவர் தம்மோடு கொண்டு சென்ற செல்வம் அனுபவ அறிவே.

அந்த அறிவுக்கு வாரிசாக, ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே நகரில் ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்ற பெருநூலை இயற்றினார் இப்னுல் அவ்வாம். ஏறத்தாழ 585 தாவரங்களைப் பற்றிப் பேசும் நூல் இது. முன்னோரின் கூற்றுகளை அவரவர் பெயருடனே எடுத்துரைக்கும் அவர், தாமே பலமுறை சோதித்துப் பாராத எதையும் தம் கருத்தாகச் சேர்க்கவில்லை என்கிறார். செவிலுக்கு மேற்கிலுள்ள அஷ்ஷரஃப் குன்றுகளே அவருடைய சோதனைக் களம்.

விதை, போத்து, பதியன் எனப் பல வழிகளில் ரோஜாவைப் பெருக்கும் முறைகளை அந்தலூஸ் நூல்கள் விளக்குகின்றன. அவற்றுள் கருதத்தக்கது, இலையுதிர் காலத்தில் மலர்ச்சி பெறும் உத்தி. நீர் பாய்ச்சிப் பழகிய செடிக்குக் கோடையில் நீரை நிறுத்தி வாடவிட வேண்டும்; ஆகஸ்டில் மீண்டும் நிறையப் பாய்ச்ச வேண்டும். வறட்சியில் ஓய்ந்த செடி நீர் கண்டதும் புதுத்தளிர் விடும். மறுமுறை பூக்கும் இயல்புடைய ரோஜாக்கள் அத்தளிர் நுனியிலேயே அரும்பும். செடியின் இயல்பைக் கூர்ந்து நோக்கியவர்க்கே இது புலப்படும்.

இந்நூலின் பயன் அக்காலத்தோடு முடியவில்லை. எஸ்கோரியல் நூலகச் சுவடியைக் கொண்டு பாங்கெரி என்ற பாதிரியார் அரபு மூலத்துடன் ஸ்பானிய மொழிபெயர்ப்பை 1802இல் மாட்ரிட்டில் வெளியிட்டார். முஸ்லிம்களை வெளியேற்றிய நாடு, இரு நூற்றாண்டுகள் கழித்துத் தன் வேளாண்மைக்கு வழிதேடி அவர்களுடைய நூலையே நாடியது.

பழைய நறுமண ரோஜாக்களில் தலையாயது திமிஷ்க் (டமாஸ்கஸ்) பெயர் தாங்கிய டமாஸ்க் ரோஜா. மூன்று ரோஜா இனங்களின் கலப்பில் அது பிறந்ததென மரபணு ஆய்வு 2000இல் காட்டியது. பாரசீகத்தில் ‘குலாப்’ என்பதன் பொருள் பூநீர். உருதுவில் அந்நீரின் பெயரே மலருக்கும் ஆயிற்று. தமிழிலும் அவ்வாறே ‘பன்னீர் ரோஜா’ என்கிறோம். நிக்காஹ் மஜ்லிஸில் தெளிக்கப்படும் பன்னீரின் பின்னே இந்த நெடிய வரலாறு நிற்கிறது.

இன்றைய கடைவீதி ரோஜாக்கள் பலவற்றில் மணம் இல்லை. நீண்ட காம்புக்காகவும் பல நாள் வாடாமைக்காகவும் தெரிவு செய்யப்பட்டபோது மணம் கைவிடப்பட்டது. வீட்டில் வளர்ப்போர் நிறத்தைப் பாராமல் மணத்தைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தால் அவ்விழப்பை ஓரளவேனும் ஈடுசெய்யலாம். நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில், நீர் தேங்காத மண், மக்கிய தொழு உரம், நம் நாட்டில் ஐப்பசி, கார்த்திகை வாக்கில் கவாத்து ஆகியவை தேவை. ஒட்டுச் செடியில் ஒட்டுக்குக் கீழே கிளைக்கும் தளிரை உடனே நீக்க வேண்டும். இன்றேல் வேர்ச்செடி ஓங்கி நல்ல இனம் மடியும். மணம் நாடுவோர் வெயில் ஏறுமுன் மலரைக் கொய்வது நன்று.

நறுமணச் செடியைத் தந்தால் மறுக்க வேண்டாம். அது சுமக்க எளிது, மணத்தால் இனியது என நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதை முஸ்லிம் நூலின் ஹதீஸ் கூறுகிறது. நட்டதிலிருந்து பறவை உண்டாலும் அது ஸதகா என்றும் அவர்கள் மொழிந்துள்ளார்கள். முன்னோரின் பெயர்களைச் சொல்லிப் பெருமை கொள்ள நமக்குத் தயக்கமில்லை. இப்னுல் அவ்வாம் விட்டுச் சென்றதோ ஒரு பழக்கம்: கேட்டதைச் சோதித்தல், சோதித்ததை எழுதுதல். முற்றத்தில் ஒரு ரோஜாப் போத்தை ஊன்றி, அதன் தளிரையும் அரும்பையும் குறித்து வைப்பவரே அந்த மரபின் உண்மையான வாரிசு.