இளைஞர்களின் இசைவட்டுகள்: ஆசிரியரும் பெற்றோரும் கேட்க வேண்டிய வரலாறு



ஆறாம் ஆண்டு முடித்துத் தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியேறும் ஒரு மாணவனின் தமிழ், அதன்பிறகு எங்கே வாழ்கிறது? இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்கள் மலாய் மொழியில் நடைபெறுகின்றன. பல பள்ளிகளில் தமிழ், கால அட்டவணைக்கு வெளியே பிற்பகலில் நடக்கும் பாடமாகவே உள்ளது. வீட்டில் பேச்சு உண்டு. எழுத்து மெல்லக் குறைகிறது. அந்த வயதில் எவரும் கட்டாயப்படுத்தாமல் அவனே தேடிக் கேட்டு, மனனம் செய்து, நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்க்கும் தமிழ் ஒன்று உண்டு. அது 'ராப்' எனப்படும் சொல்லிசையின் தமிழ்.

"பிள்ளை எந்நேரமும் அந்தக் கூச்சலையே கேட்கிறான், என்ன செய்வது?" என்று பெற்றோர் சிலர் வினவுவதுண்டு. என் விடை இதுதான்: தடுப்பதற்கு முன் அவனோடு அமர்ந்து கேளுங்கள். எதைக் கேட்பது என்று தெரியவில்லையா? அதற்காகவே இக்கட்டுரை. வானொலியில் அதிகம் ஒலிக்காத, கடைகளில் எளிதில் கிட்டாத சில இசைவட்டுகளை அவற்றின் வரலாற்றோடு இங்கே பரிந்துரைக்கிறேன்.

சொல்லிசை பிறந்த கதை

1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள். நியூயார்க் நகரின் பிராங்ஸ் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பள்ளி திறக்கும் காலம் நெருங்கியதால் புத்தாடை வாங்கப் பணம் திரட்ட விரும்பிய சிண்டி கேம்பல் என்ற மாணவி, குடியிருப்பின் பொது அறையில் ஓர் ஆடல் விருந்து நடத்தினாள். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவளுடைய அண்ணன். ஜமைக்காவில் பிறந்து குடிபெயர்ந்து வந்த அவ்விளைஞரைக் கூல் ஹெர்க் என்று அழைத்தனர். பாட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை இரண்டு தட்டுகளைக் கொண்டு மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தார். அதன்மேல் சொற்கள் அடுக்கப்பட்டன. ஹிப் ஹாப் கலையின் பிறந்தநாளாக இன்று உலகம் கொண்டாடுவது அந்நாளைத்தான்.

பள்ளிச் செலவுக்கு வழிதேடிய ஒரு புலம்பெயர்ந்த குடும்பத்திலிருந்து இக்கலை புறப்பட்டது என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். நம் கதையும் அதற்கு மிகத் தொலைவில் இல்லை.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

சிகாமட், குளுவாங், கோத்தா திங்கி எனத் தோட்டங்கள் நிறைந்திருந்த மாநிலம் நம் ஜொகூர். விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதன்பின் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. தெற்கு ஜொகூரில் இஸ்கண்டார் வளர்ச்சி மண்டலம் 2006இல் தொடங்கப்பட்டது. தோட்டத்து லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் மாசாய், ஸ்கூடாய் போன்ற இடங்களின் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. நாட்டின் தமிழ்ப்பள்ளிகள் விடுதலைக் காலத்தில் 800க்கு மேல் இருந்தன. இன்று 530க்குள் நிற்கின்றன.

தோட்டத்தில் தெம்மாங்கும் கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் இருந்தன. அவற்றுள் பெரும்பகுதி எழுதப்படாமலே பாடியவர்களோடு மறைந்துவிட்டது. அடுக்குமாடிக்கு வந்த தலைமுறை தன் வாழ்க்கையைச் சொல்ல வேறொரு வடிவத்தைத் தேடியபோது கையில் கிடைத்ததுதான் சொல்லிசை.

முதல் பரிந்துரை: பொயட்டிக் அம்மோ

1990களில் கோலாலம்பூரில் உருவான குழு இது. யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி. லோக்கோ ஆகிய நால்வர் இதில் இருந்தனர். 1998இல் வெளிவந்த 'இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்' என்ற முதல் தொகுப்பு ஆங்கிலத்தில் அமைந்தது. 2000ஆம் ஆண்டின் 'தி வேர்ல்டு இஸ் யுவர்ஸ்' தொகுப்பிலோ ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீஸ் ஆகிய நான்கு மொழிகளும் இடம்பெற்றன. மலேசியத் தெருவில் நாள்தோறும் கேட்கும் நான்கு மொழிகளும் ஒரே வட்டில்!

இவ்விரண்டையும் வரிசையாகக் கேட்டால் ஒரு மாற்றம் விளங்கும். அமெரிக்க முறையைக் கற்றுத் தேர்ந்த இளைஞர்கள், அடுத்த படியில் தத்தம் தாய்மொழிக்குத் திரும்புகிறார்கள். பிறமொழிக் கலையைப் படித்த பிறகுதான் தம் மொழியிலும் அதைச் செய்ய முடியும் என்ற துணிவு அவர்களுக்கு வந்தது.

இரண்டாவது பரிந்துரை: வல்லவன்

அத்துணிவின் கனிதான், யோகி பியும் நட்சத்திரா குழுவும் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்'. டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவரே நட்சத்திரா. தமிழில் முழுமையாக அமைந்த சொல்லிசைத் தொகுப்புகளுள் இது முன்னோடி. 'மடை திறந்து' பாடலின் புதிய வடிவம் கடல் கடந்து தமிழ்நாட்டிலும் புகழ்பெற்றது. அதன் மூலப்பாடல், 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' திரைப்படத்தில் இளையராஜா இசையில், வாலியின் வரிகளில், எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடியது. வாய்ப்புக்காகக் காத்திருக்கும் ஓர் இசைக்கலைஞனின் கனவை அப்படத்தில் அப்பாடல் சொல்கிறது. வாய்ப்புத் தேடிய மலேசிய இளைஞர்கள் அதைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமே. அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' திரைப்படத்தில் இவர்களின் பங்களிப்பு இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து பாட்டை இறக்குமதி செய்தே பழகிய நாம், ஒரு கலைவடிவத்தை அங்கே ஏற்றுமதி செய்த அரிய நிகழ்வு இது.

ஆனால் பலருக்கு அந்த ஒரு பாட்டு மட்டுமே தெரியும். முழு வட்டையும் கேட்டோர் குறைவு. முழுமையாகக் கேளுங்கள் என்பதே என் பரிந்துரை.

மூன்றாவது பரிந்துரை: பாலத்திற்கு அப்பால் ருத்ரா

ஜொகூர் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அங்கே 1992இல் தோன்றிய 'ருத்ரா' குழுவைப் பற்றி நம் பெற்றோர் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 'டெத் மெட்டல்' என்னும் கடுமையான கிட்டார் இசையோடு வேதாந்தக் கருத்துகளையும் வடமொழி மந்திர ஓதலையும் இணைத்தவர்கள் இவர்கள். 'வேதிக் மெட்டல்' என்று இதற்குப் பெயர் வழங்குகிறது. பிரம்மவித்யா என்ற பொதுத்தலைப்பில் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுப்புகள் வந்தன. முதலில் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும்! ஆயினும் பாடல்களின் பொருளை வாசித்துவிட்டுக் கேட்டால் அதன் தேடல் புரியும். சிங்கப்பூரில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன், இவ்விசைக்கும் தென்னிந்தியச் சமூகத்திற்கும் உள்ள உறவை ஆராய்ந்து 2009இல் கட்டுரை வெளியிட்டார். ஆசிரியர்களுக்கு ஆசிரியரான ஒருவரே இதை ஆய்வுக்குரியதாகக் கருதினார் என்பது நமக்கு ஒரு பாடம்.

அச்சமும் ஆய்வும்

நம் நாட்டில் இளைஞர் இசை அடிக்கடி அச்சத்தோடுதான் பார்க்கப்பட்டது. ஜொகூரில் 1981இல் தோன்றிய 'சர்ச்' ராக் குழுவினர், 1992இல் தொலைக்காட்சியில் தோன்றுவதற்காகத் தம் நீண்ட முடியை வெட்டிக்கொள்ள நேர்ந்தது. 2001இல் 'பிளாக் மெட்டல்' இசையைப் பற்றிய பரபரப்பு எழுந்தபோது கெடாவில் பள்ளி மாணவர்கள் பிடிக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். அணிந்த கறுப்புச் சட்டையே ஐயத்திற்குக் காரணமாயிற்று.

பெற்றோரின் அச்சம் முற்றிலும் அடிப்படையற்றது என்று நான் சொல்லமாட்டேன். 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றில் சிக்கிய நம் இளைஞர்கள் எத்தனையோ பேர். வன்முறையைப் புகழும் பாடல்கள் உண்டு. வசைச்சொல் நிறைந்த பாடல்களும் உண்டு. அவற்றைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கத்தான் வேண்டும். ஆனால் எதை விலக்குவது, எதைக் கொடுப்பது என்று பிரித்தறியக் கேட்டாக வேண்டுமே! கேளாமல் எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளினால், நல்ல பாடலைக் கேட்பவனும் நம்மிடம் மறைக்கத் தொடங்குவான். அதன்பின் தீய பாடலைப் பற்றி எச்சரிக்கும் தகுதி நமக்கு இராது.

நான்காவது பரிந்துரை: மைனர் திரட்

மேற்கண்ட அச்சத்திற்கு விடையாக ஓர் அமெரிக்கக் குழுவைச் சொல்கிறேன். வாஷிங்டனில் 1980இல் தோன்றிய 'மைனர் திரட்', பங்க் இசையின் வேகமான கிளையான ஹார்ட்கோர் வகையைச் சேர்ந்தது. 1981இல் வெளிவந்த 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்ற பாடல் ஒரு நிமிடம்கூட நீளாது. அதன் செய்தி: மது வேண்டா, போதைப்பொருள் வேண்டா, தெளிந்த அறிவே போதும். அப்பாடலின் பெயரிலேயே ஓர் இயக்கம் உலகெங்கும் பரவியது. மதுக்கூடங்களில் நடக்கும் இசை நிகழ்ச்சிகளில் வயது குறைந்தோர்க்கு மது விற்காமலிருக்க அவர்கள் கையில் பெருக்கற்குறி இடுவார்கள். அக்குறியையே இவ்விளைஞர்கள் தங்கள் பெருமைச் சின்னமாக ஏற்றுக்கொண்டனர்.

சம்சு குடியால் எத்தனை தோட்டக் குடும்பங்கள் சீரழிந்தன என்பது நம் அனைவருக்கும் தெரியும். மதுவிலக்கைப் பற்றி நாம் ஆண்டுதோறும் கட்டுரை எழுதச் சொல்கிறோம். பதினைந்து வயதுப் பையனுக்கு அக்கட்டுரை எட்டாத இடத்தில் இந்தக் 'கூச்சல்' எட்டக்கூடும்.

ஐந்தாவது பரிந்துரை: அருளரும் தெருக்குரலும்

உலகத் தமிழரின் பக்கம் திரும்புவோம். இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்து, போரினால் மீண்டும் இலண்டனுக்கு ஏதிலியாகச் சென்றவர் மாதங்கி அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அவர் 2005இல் வெளியிட்ட முதல் தொகுப்பின் பெயர் 'அருளர்'. அது அவர் தந்தையின் இயக்கப் பெயர். 2007இல் வந்த இரண்டாம் தொகுப்புக்குத் தாயின் பெயரான 'கலா' சூட்டப்பட்டது. இவை சிறுவர்களுக்கானவை அல்ல. மேல்நிலை மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் உரியவை.

தமிழ்நாட்டில் அறிவு என்ற இளங்கவிஞர் 2019இல் வெளியிட்ட தொகுப்பு 'தெருக்குரல்'. திருக்குறளை நாள்தோறும் கற்பிக்கும் நமக்கு அப்பெயரின் சொல்விளையாட்டு உடனே பிடிபடும். 2021இல் தீயும் அறிவும் பாடிப் பெரும்புகழ் பெற்ற 'என்ஜாய் எஞ்சாமி', இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டியுடைய வாழ்விலிருந்து பிறந்தது. இரப்பர் மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதை விளக்க உரைநூல் தேவையில்லை.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

தொடக்கப்பள்ளியில் இவ்வட்டுகளை அப்படியே ஒலிக்கச் செய்ய இயலாது. ஆனால் அதன் நுட்பத்தைப் பயன்படுத்தலாம். ஆங்கிலச் சொல்லிசை பெரும்பாலும் அடியின் இறுதியில் ஒலி ஒத்துவருவதை நம்பியிருக்கிறது; அதை நாம் இயைபு என்போம். தமிழுக்கோ மோனையும் எதுகையும் கூடுதல் செல்வம். நான் கரும்பலகையில் 'பள்ளி, பட்டம், பலகை' என்று எழுதி மோனையையும், 'படித்தவன், நடித்தவன், துடித்தவன்' என்று எழுதி எதுகையையும் காட்டிவிட்டு, மேசையில் மெதுவாகத் தாளம் தட்டச் சொல்வேன். மாணவர்கள் தாங்களே நான்கு அடிகள் கட்டுவார்கள். வழக்கமாக எழுதத் தயங்கும் பையன்கள்தாம் முதலில் கையை உயர்த்துகிறார்கள்.

மலாய், ஆங்கிலச் சொற்கள் கலந்த பாடலைக் கண்டால் மேல்நிலை மாணவர்களிடம் ஒரு பயிற்சி கொடுக்கலாம். பிறமொழிச் சொற்களைக் கோடிட்டு, தாளம் கெடாமல் தமிழ்ச்சொல்லை இடச் சொல்லுங்கள். தக்க சொல்லைத் தேடும் உழைப்பு அவர்களுக்குத் தானாகவே வரும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள்

பெரிய நிறுவனத்தின் துணையின்றிச் சிலநூறு படிகள் மட்டும் போட்டு, நண்பர்களிடமும் இசை நிகழ்ச்சிகளிலும் விற்கப்பட்ட தமிழ் ஒலிநாடாக்களும் குறுவட்டுகளும் நம் வீட்டு அலமாரிகளில் தூங்கிக்கொண்டிருக்கலாம். குறுவட்டு இயக்கும் கருவியே அருகிவிட்ட காலம் இது. தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்கையில் அவற்றைக் குப்பையில் வீசிவிடாதீர்கள். உறையையும் உள்ளே இருக்கும் பாடல் வரிகளையும் படமெடுத்து வையுங்கள். ஒலியைக் கணினியில் பதிந்து வையுங்கள். யார் பாடியது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஓர் இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகம் இதை ஓராண்டுச் செயல்திட்டமாகவே மேற்கொள்ளலாம்.

தோட்டத்துப் பாட்டிகளின் பாடல்களைப் பதிவு செய்யத் தவறிய சமூகம் நாம். பேரப்பிள்ளைகளின் பாடல்களையாவது காப்போம்.

வாழ்க தமிழ்!