மரவள்ளி நிலமும் ஆய்வு நிதியும்: சேலம், நாமக்கல் கல்லூரி ஆசிரியர்களை முன்வைத்து

அரசுத் துறையோ ஆய்வு மன்றமோ தொழில் அமைப்போ தரும் பணத்தைக் கொண்டு, ஆசிரியர் ஒருவர் வரையறுத்த காலத்துக்குள் ஒரு வினாவுக்கு விடை தேடும் பணி நிதிநல்கைத் திட்டம் எனப்படுகிறது. அதற்குப் பொறுப்பேற்பவர் முதன்மை ஆய்வாளர். 1997இல் தொடங்கப்பெற்று, சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளைத் தன் எல்லைக்குள் கொண்ட பெரியார் பல்கலைக்கழக வட்டாரத்தில் இத்தகைய திட்டங்கள் பெருக வேண்டும் என்பதை மறுப்பார் எவருமில்லை. அவற்றைப் பெருக்கும் வழியில்தான் குழப்பம் நிலவுகிறது. ஒவ்வொரு துறையும் ஆண்டுக்கு இத்தனை விண்ணப்பங்கள் அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை விடுவதாலும், விண்ணப்பம் எழுதும் முறை பற்றி ஒருநாள் பயிலரங்கு நடத்துவதாலும் ஆய்வு வளர்ந்துவிடாது. வகுப்பு நேரத்தைக் குறைத்து, கணக்குப் பணியை அலுவலகம் ஏற்று, முதல் முயற்சிக்குச் சிறு தொகையையும் தந்தால் ஆசிரியர்கள் தாமாகவே முன்வருவர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இவ்வட்டாரத்தின் அண்மைக்கால நிகழ்வு ஒன்று ஆய்வு நிதியின் பயனைத் தெளிவாகக் காட்டுகிறது. தென்னமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, விரைவில் நாமக்கல், சேலம் மாவட்டங்களின் மரவள்ளித் தோட்டங்களிலும் பரவியது. நுனிக்குருத்து சுருண்டு, கணுவிடைகள் குறுகி, செடி வளர்ச்சி குன்றிய நிலையில், மருந்தடித்தே ஓய்ந்துபோன விவசாயிகளுக்குத் தீர்வு ஒரு குளவியின் வடிவில் வந்தது. அனகைரஸ் லோபெசி என்னும் அந்த ஒட்டுண்ணிக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனை அழிக்கிறது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் 2021இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்திலிருந்து அதனைத் தருவித்து ஆராய்ந்தபின், 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. பெனினில் அக்குளவி ஆயத்தமாக இருந்ததற்கும் காரணம் உண்டு: 1970களில் இதே பூச்சி ஆப்பிரிக்க மரவள்ளியைச் சூறையாடியபோது, பல நாடுகளின் நிதியுதவியோடு ஆண்டுக்கணக்கில் நடந்த ஆய்வின் விளைவு அது. அப்பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். எங்கோ ஒரு நாட்டில் யாரோ எழுதிய திட்ட முன்வரைவு நாற்பது ஆண்டுகள் கழித்து ஆத்தூர், இராசிபுரம் வயல்களுக்குப் பயன் தருகிறது என்பதே ஆய்வு நிதிக்குக் கிடைக்கத்தக்க மிகச் சிறந்த நியாயம்.

இத்தகைய பெரும் ஆய்வுகளை மாவட்டக் கல்லூரியிடம் எதிர்பார்க்க முடியாது என்ற வாதம் எழலாம். ஆயினும் பெரிய நிறுவனங்களின் கண்ணுக்கு எட்டாத, உள்ளூர்க் கல்லூரியே செய்யத்தக்க ஆய்வுகள் இவ்வட்டாரத்தில் குவிந்து கிடக்கின்றன. சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுசெல்லப்படும் கிழங்கின் மாவுச்சத்து ‘பாயிண்ட்’ கணக்கில் அளக்கப்பட்டு, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை வைக்கப்படுகிறது. அளக்கும் வசதி ஆலையில் இருப்பதால், தன் கிழங்கு எத்தனை பாயிண்ட் தேறும் என்பதை விவசாயி வண்டி ஏற்றுவதற்கு முன் அறிய வழியில்லை. கிழங்கைக் காற்றிலும் நீரிலும் எடைபோட்டு அதன் ஒப்படர்த்தியிலிருந்து மாவுச்சத்தைக் கணிக்கலாம் என்பது இயற்பியல் மாணவருக்கும் விளங்கும் கோட்பாடு. முள்ளுவாடி, குங்குமரோஸ், தாய்லாந்து முதலிய இரகங்களுக்கு மண், நடவு மாதம், கிழங்கின் வயது ஆகியவற்றுக்கேற்ப அக்கணிப்பு எவ்வளவு மாறுகிறது என்று கண்டறிந்து, களத்துமேட்டிலேயே வைத்து அளக்கும் எளிய கருவியொன்றை உருவாக்க, ஓர் இயற்பியல் ஆசிரியரும் ஒரு தாவரவியல் ஆசிரியரும் இரண்டு ஆண்டுகளும் சில இலட்சம் ரூபாயும் போதும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அதன் மூலப்பொருளுக்கு நேர்மையான அளவை தேடும் பணி அவ்வூர்க் கல்லூரிகளுக்கே உரியது. கிழங்கை அரைத்து மாவுப்பால் பிரித்தபின் எஞ்சும் திப்பியும், ஆலையிலிருந்து வெளியேறும் புளித்த கழிவுநீரும் வேதியியல், நுண்ணுயிரியல் துறைகளுக்குக் காத்திருக்கும் ஆய்வுப் பொருள்கள்.

நாமக்கல் இதற்கு ஒரு முன்மாதிரியையும் தருகிறது. 1985இல் அங்குத் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி, கோழித் தீவனத்தைப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகத்தையும், வேளாண் வானிலை அறிவுரை மையத்தையும் நடத்திவருகிறது. வரும் நாள்களின் வெப்பத்துக்கும் மழைக்கும் ஏற்பப் பண்ணையாளர் தீவனத்திலும் பராமரிப்பிலும் செய்ய வேண்டிய மாற்றங்களைக் கூறும் அதன் அறிவிப்பு நாளிதழ்களில் தொடர்ந்து இடம்பெறுகிறது. புற நிதியைக் கொண்டு கல்லூரியொன்று தன் ஊரின் தொழிலோடு இரண்டறக் கலந்ததற்கு இதைவிட நல்ல சான்று இவ்வட்டாரத்தில் இல்லை.

அவ்வாறிருக்க, மற்றக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் தயங்குவது ஏன்? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது, அது நியாயமாகாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் இணைப்பேராசிரியர், பேராசிரியர் நிலைகளுக்கு வகுத்த ஆய்வு மதிப்பெண் அட்டவணையைப் பார்த்தாலே காரணம் புலப்படும். அறிவியல் துறைகளில் தகுதியான ஆய்விதழில் வரும் ஒரு கட்டுரைக்கு 8 மதிப்பெண். பத்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டமொன்றை முடித்தால் 10. அது நடந்துகொண்டிருக்கும்போது 5. பத்து இலட்சத்துக்குக் குறைந்த திட்டமாயின் முடித்தபின் 5, நடக்கும்போது வெறும் 2. கருவி வாங்கி, ஆய்வு உதவியாளரை அமர்த்தி, களத்துக்குச் சென்று, தணிக்கைக்கும் பதில் சொல்லி மூன்றாண்டுகள் உழைப்பவர், இரண்டு கட்டுரைகள் வெளியிட்டவரைவிடப் பின்தங்குகிறார். மேலே கண்ட பாயிண்ட் கருவி போன்ற சிறு திட்டத்துக்கு இவ்வட்டவணையில் கிடைக்கும் மதிப்பு ஒரு கட்டுரையின் மதிப்புக்கும் கீழே நிற்கிறது. சிறு ஊர்க் கல்லூரிக்கு மிகவும் பொருந்தும் ஆய்வையே விதி மலிவாக்கிவிட்டது என்பது வருந்தத்தக்கது.

அடுத்தது நேரம். அதே விதிமுறைகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணியும், அவருக்கு மேல்நிலையில் உள்ளவர்களுக்கு 14 மணியும் நேரடிக் கற்பித்தல் உண்டு. சுயநிதிக் கல்லூரிகளில் இதற்கு மேலும் வகுப்புகள், விடைத்தாள் திருத்தம், தரமதிப்பீட்டுக் கோப்புகள், கோடையில் மாணவர் சேர்க்கைக்காக ஊர் ஊராகச் செல்லும் அலைச்சல் என்று பணி நீள்கிறது. திட்டம் கிடைத்துவிட்டாலோ சுமை இரட்டிப்பாகிறது. வழங்கிய பணம் வழங்கிய நோக்கத்துக்கே செலவானது என்று உறுதிகூறும் பயன்பாட்டுச் சான்றிதழ், விலைப்புள்ளிகள், இருப்புப் பதிவேடு, வட்டித் தொகையை அரசுக்குத் திருப்பும் கணக்கு ஆகியவற்றில் வேதியியல் ஆசிரியர் கணக்கராக மாறிவிடுகிறார். மேல்நிலைச் செலவு என்ற பெயரில் திட்டத்தின் ஒரு பகுதி நிறுவனத்துக்கு வழங்கப்படுவதே இத்தகைய பணிகளுக்காகத்தான். அத்தொகை பொதுக் கணக்கில் கரைந்து, வேலை மட்டும் ஆசிரியர் தலையில் விழுவது முறையன்று.

நிதியைத் துரத்தினால் ஆய்வாளர் தம் வினாவை மறந்து, பணம் தருபவரின் வினாவுக்கு அடிமையாவார் என்ற அச்சமும் உண்டு. அது வெற்று அச்சமன்று; குறிப்பாகத் தமிழ், வரலாறு, பொருளியல் துறையினர் அவ்வாறு அஞ்சுவதில் பொருளுண்டு. எனினும் வினா உள்ளூரில் வேர்கொண்டிருக்கும்போது அந்த ஆபத்து குறைகிறது. நாமக்கல் குடைவரைகளின் கல்வெட்டுகளையோ கொல்லிமலைச் சிறுதானியங்களையோ ஆண்டுக்கணக்கில் அறிந்த ஒருவர், இந்தியச் சமூக அறிவியல் ஆய்வு மன்றத்திடமோ செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்திடமோ விண்ணப்பிக்கும்போது, வினாவோடு செல்கிறாரேயன்றி வினாவைத் தேடிச் செல்வதில்லை.

வாய்ப்புகளும் முன்னைவிட விரிந்துள்ளன. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்ற இலக்கோடு புறப்பட்டது. அதில் பெரும்பங்கு அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது திட்டம். இவ்வட்டாரத்தில் அந்த ‘வெளி’ என்பது சேகோ ஆலையினர், முட்டைப் பண்ணையாளர், லாரி கூண்டு கட்டும் பட்டறையினர், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் உரிமையாளர்கள் ஆகியோரே. மாநிலக் கல்லூரி ஆசிரியர் தேசிய ஆய்வகமொன்றில் பகுதிநேரமாக ஆய்வு செய்ய உதவும் ‘டேர்’ திட்டமும் முன்பே வந்துள்ளது. 2024 செப்டம்பரில் சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் பல்கலைக்கழகங்கள் பெறும் ஆய்வு நல்கைகளுக்கு வரிவிலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது, சுமையைக் குறைக்க வேண்டும் என்ற உணர்வு மேலிடத்திலும் தோன்றியிருப்பதைக் காட்டுகிறது.

எஞ்சியிருப்பது கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் தம் அளவில் செய்ய வேண்டியவை. முதன்மை ஆய்வாளராகும் ஆசிரியருக்கு வாரம் நான்கு மணி வகுப்பையாவது குறைத்து, அந்நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஆய்வு என்று எழுத வேண்டும். தனித்தனியே கணக்கரை அமர்த்த இயலாத சிறு கல்லூரிகளுக்காகப் பல்கலைக்கழகமே ஒரு பொதுத் திட்ட அலுவலகத்தை நடத்தலாம். முதல் விண்ணப்பத்துக்குத் தேவையான முன்னோட்டத் தரவுகளைத் திரட்ட இளம் ஆசிரியருக்கு ஐம்பதாயிரம் ரூபாயேனும் நல்கி, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அதனைத் தோல்வியாகக் கோப்பில் பதியாதிருத்தல் வேண்டும். இவற்றில் எதற்கும் டெல்லியின் அனுமதி தேவையில்லை. பல்கலைக்கழக ஆட்சிக்குழுவும் கல்லூரி நிர்வாகங்களும் வரும் கல்வியாண்டிலேயே இவற்றைத் தொடங்க வேண்டும்.